லீவு விட்டாச்சா?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னை வீடுகளில் காலை ஆறு மணிக்கு ஒரு காத்திருப்பு தொடங்கிவிடும். அடுப்பில் இட்லிப் பானை. நாற்காலி முதுகில் தேய்த்துப் போட்ட யூனிஃபார்ம். பிரஷ்ஷை வாயில் வைத்தபடி டி.வி. முன்னால் நிற்கிற பிள்ளையின் கண் படத்தில் இல்லை. அடியில் ஓடுகிற எழுத்தில் இருக்கிறது. திருவள்ளூர் வந்துவிட்டது. காஞ்சிபுரம் வந்துவிட்டது. செங்கல்பட்டுகூட வந்துவிட்டது. சென்னை மட்டும் இன்னும் வரவில்லை. வெளியே மழை கொட்டுகிறது. “இதுக்கு மேல என்ன மழை பெய்யணும் அவருக்கு?” என்று அந்தப் பிள்ளை கேட்கிற ‘அவர்’, மாவட்ட ஆட்சியர்.

அரசாங்கம் என்று ஒன்று இருப்பதை நம் பிள்ளைகள் முதன்முதலில் உணர்வது இந்த மழை விடுமுறையில்தான் என்று எனக்கொரு எண்ணம். வரி, ரேஷன் கார்டு, பட்டா எதுவும் அந்த வயதில் தெரியாது. ஒரு மாவட்டத்துக்கே ‘இன்று வர வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதனால்தான் மழைக்காலத்தில் கலெக்டர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களில் மனுக்கள் குவிகின்றன. ‘சார், எங்க ஏரியால இடுப்பளவு தண்ணி சார்’ என்பார்கள். போட்டோவில் கணுக்காலளவுதான் இருக்கும்.

கேரளத்தில் 2022 ஆகஸ்ட்டில் ஆலப்புழை கலெக்டராகப் பொறுப்பேற்ற கிருஷ்ண தேஜா, தன் முதல் உத்தரவே பிள்ளைகளுக்கான மழை விடுமுறைதான் என்று முகநூலில் அவர்களுக்கே எழுதினார். விடுமுறை என்பதால் மீன் பிடிக்கப் போய்விடாதீர்கள் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். மாநிலமே கொண்டாடியது. அதே வாரம் எர்ணாகுளத்தில் அறிவிப்பு காலை எட்டு மணியைத் தாண்டித்தான் வந்தது. பிள்ளைகள் பாதி வழியில், சிலர் வகுப்பிலேயே. அங்கே பெற்றோர் கொதித்தார்கள். மழையும் ஒன்று, விடுமுறையும் ஒன்று. அறிவிப்பு வந்த நேர வித்தியாசத்தில் ஒரு கலெக்டருக்குக் கைத்தட்டல், இன்னொருவருக்கு வசவு.

நம் ஊரில் கலெக்டருக்கு முன்னால் பிள்ளைகளின் நாயகனாக இருந்தவர் எஸ்.ஆர். ரமணன். நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்திலிருந்து அவர் டி.வி.யில் தோன்றி, தென்மேற்கு வங்கக் கடலில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று தொடங்கினால் போதும், வீட்டுப்பாட நோட்டு மூடப்பட்டுவிடும். அவர் மழை வரும் என்றால் வெயில் அடிக்கும் என்று கிண்டலும் செய்தார்கள். 2016-ல் அவர் ஓய்வு பெற்றபோது உண்மையாகவே வருந்தவும் செய்தார்கள். இன்று அந்த இடத்தைத் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானும் அவரைப் போன்ற தன்னார்வ வானிலை ஆர்வலர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். ரேடார் படத்தில் சிவப்பு எது, மஞ்சள் எது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை அப்பாவுக்கு விளக்குகிற காலம் இது.

லீவு விட்டதும் மழை ஏன் நிற்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ராத்திரி முழுக்கக் கொட்டியது, விடியற்காலையில் கொட்டியது, ஏழு மணிக்கு விடுமுறை விட்டார்கள், பத்து மணிக்குப் பளீரென்று வெயில். பிள்ளை தெருவில் கிரிக்கெட் ஆடுகிறது. யாரோ நம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்றே தோன்றும்.

விளையாடுவது கடற்கரையின் இயல்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தருகிறது; சென்னை போன்ற கடலோர ஊர்களுக்குப் பங்கு இன்னும் அதிகம். இந்தப் பருவத்தில் கடலோரத்தில் மழைக்குப் பிடித்த நேரம் பின்னிரவும் அதிகாலையும். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, கடல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று கிளம்புகிறது. எதிரே வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. கரைக்குச் சற்றுத் தள்ளி இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் திரண்டு, அந்த மேகக் கூட்டம் வரிசை கட்டிக் கரையேறுகிறது. வெயில் ஏறி, தரை சூடானதும் அந்த மோதல் தளர்ந்துவிடும். புயலோ ஆழ்ந்த தாழ்வு மண்டலமோ பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, நாள் முழுக்க ஊற்றும். மற்றபடி சாதாரணப் பருவமழை நாளில், கலெக்டர் முடிவெடுக்க வேண்டிய அந்த ஆறு மணிதான் மழையின் உச்ச நேரம்; பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பத்து மணி, அது ஓய்கிற நேரம்.

ஆக, முந்தின நாள் மாலையே அறிவித்தால் வானம் வெளிறிக் கிடக்கும்போது விடுமுறை விட்டதாகக் கேலி. விடியும் வரை பொறுத்தால், வேன் கிளம்பிய பிறகு சொன்னதாகக் கோபம். சென்னைத் துறைமுகத்தில் 2002-லிருந்து ஒரு டாப்ளர் ரேடார் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேகம் எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். அந்த மேகம் ஆவடிக்குப் போகுமா அடையாறுக்குப் போகுமா என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்னால்தான் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்.

2024 அக்டோபர் நடுவில் இந்தச் சங்கடம் முழுமையாகத் தெரிந்தது. சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை. இருபது சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்பது அதன் பொருள். பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை, ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லும்படி அரசு அறிவுறுத்தியது. பழைய வெள்ளத்தில் காரைப் பறிகொடுத்த வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேலேயே வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்கள். முதல் நாள் மழை பெய்தது. எல்லோரும் பயந்த அடுத்த நாள், பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. மீம்ஸ் பறந்தன. எனக்கென்னவோ அந்த வெயிலில் குறை சொல்ல எதுவும் தெரியவில்லை. வெயில் அடித்த விடுமுறையில் யாரும் சுரங்கப்பாதையில் சிக்கவில்லை; நடைபாதை ஓரத்து மின்கம்பத்தைத் தொட்டு எந்தப் பிள்ளையும் விழவில்லை. மாலையே சொல்லிவிட்டுப் பொய்த்துப்போகிற கலெக்டரை நான் மன்னிப்பேன். எட்டு மணிக்குச் சொல்கிறவரை மன்னிப்பது கஷ்டம்.

எல்லைக் கோடு வேறு இருக்கிறது. கிண்டி சென்னை மாவட்டம். ரயிலில் சில ஸ்டேஷன் தாண்டிய குரோம்பேட்டை செங்கல்பட்டு மாவட்டம். ஒரே மேகம்தான் இரண்டுக்கும் பெய்கிறது, அறிவிப்பு மட்டும் தனித்தனி. குரோம்பேட்டையில் வீடு, கிண்டியில் பள்ளிக்கூடம் என்றிருக்கும் பிள்ளைக்கு வீட்டு மாவட்டத்தின் விடுமுறை செல்லாது. அதே தெருவில் மற்ற பிள்ளைகள் போர்வைக்குள் இருக்க, இது மட்டும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும், கோவையில் வால்பாறைக்கு மட்டும் என்று தென்மேற்குப் பருவத்தில் வரும் அறிவிப்புகள் இதைவிடப் புத்திசாலித்தனமானவை. மழை மாவட்டம் பார்த்துப் பெய்வதில்லை என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டில்

அறிவிப்பு வந்த அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடான சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடையாது. ஞாயிறு நமக்கு வர வேண்டிய பாக்கி. இது வழியில் கிடந்த காசு. யூனிஃபார்ம் போட்டு, ஷூ மாட்டி, பை தூக்கிய பிறகு வந்தால் ருசி இரட்டிப்பு. இன்று கணக்குப் பரீட்சை என்றால் கேட்கவே வேண்டாம். தூக்கம் கலையாத தம்பியைத் தட்டி எழுப்பி ‘இன்னிக்கு லீவு, தூங்கு’ என்று சொல்கிற அக்காக்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

பிறகு நாள் நீளும். பரணிலிருந்து கேரம் போர்டு இறங்கும். நாலு காய் குறையும், சட்டைப் பட்டன் வைத்து ஆடுவார்கள். பழைய நோட்டுத் தாளில் கப்பல். ஒற்றைக் கப்பலா கத்திக் கப்பலா என்று தகராறு. கரன்ட் போய்விட்டால் இன்னும் நல்லது. போனில் சார்ஜ் தீர்ந்து, பாட்டியின் பக்கத்தில் உட்காருகிற நிலைமை வரும். மதியத்துக்கு மேல் வெங்காய பஜ்ஜி. டிபன் பாக்ஸில் அடைத்துவிட்ட எலுமிச்சை சாதத்தைத் திரும்பத் தட்டில் கொட்டிச் சாப்பிடும்போது அதற்கு ஏனோ சுற்றுலாச் சாப்பாட்டின் சுவை வந்துவிடுகிறது.

இத்தனையையும் ஒருவர் செய்து தர வேண்டும். மழை விடுமுறை என்று நாம் சொல்வதை உற்றுப் பார்த்தால், அதில் எந்த வேலையும் நின்றுபோவதில்லை. ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுகிறது. காலை எட்டரைக்கு வேன் ஏற்றிவிட்டால் மாலை நாலு வரை பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாட்டின் மேல்தான் அம்மாவின் நாள் நிற்கிறது. அது சரிந்தால் அவள் ஆபீசுக்கு லீவு போட வேண்டும், அல்லது மாமியாருக்குப் போன் போட வேண்டும், அல்லது பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘கொஞ்சம் பார்த்துக்குங்கக்கா’ என்று சாவியைக் கொடுக்க வேண்டும். அப்பாக்களும் லீவு போடுவதுண்டு. எத்தனை வீட்டில் என்று வாசகரே எண்ணிப் பார்க்கலாம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு இந்தத் தேர்வும் இல்லை. அவள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். வந்தால் பிள்ளையைக் கையோடு கூட்டி வர வேண்டும். யார் வீட்டு வராந்தாவிலோ அந்தப் பிள்ளை தன் மழை விடுமுறையை உட்கார்ந்து கழிக்கிறது.

டி.வி. எழுத்தில் ஓடாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கி மறு ஆண்டு மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு நீட்டித்த காலை உணவுத் திட்டமும் பள்ளி நாளோடு கட்டப்பட்டவை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் காலைப் பொங்கல் இல்லை, மதியச் சாப்பாடு இல்லை, முட்டை இல்லை. அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு மழை விடுமுறை என்பது இரண்டு வேளைச் சாப்பாட்டை வீடு திடீரென்று ஏற்க வேண்டிய நாள். அதே மழையில் அந்த வீட்டுக்குச் சம்பாத்தியமும் வராது. விடியற்காலையில் வரும் அறிவிப்பு, உலை ஏற்றிவிட்ட சமையல் கூடத்தைப் போய்ச் சேரும்போது அந்தச் சமைத்த உணவு என்ன ஆகிறது என்பதைப் பற்றி யாரும் மீம் போடுவதில்லை.

கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் முனைகளில் மழை நாளில் கொத்தனாரும் சித்தாளும் கூடுவார்கள். பத்து மணி வரை நின்று பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டியோடு திரும்புவார்கள். பழவேற்காட்டிலிருந்து ராமேஸ்வரம் வரை எச்சரிக்கை வந்துவிட்டால் மீன்வளத் துறை படகுகளுக்கு அனுமதி தராது. ஏற்கெனவே ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் முடித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் பருவமழை தொடங்கினால் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கென்று அரசு இப்போது 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. இவர்கள் யாரும் இதற்கு விடுமுறை என்று பெயர் வைப்பதில்லை. ‘இன்னிக்கு வேலை இல்ல’ என்பார்கள்.

இன்னொரு பக்கம், மற்றவர்களுக்கு விடுமுறை அறிவிக்கும் அதே நேரத்தில் விடுப்பு ரத்தாகிறவர்கள். மாநகராட்சி ஊழியர்கள் கணேசபுரம், அரங்கநாதன் சுரங்கப்பாதைகளில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். மின்வாரிய ஊழியர் ஈரக் கம்பத்தில் ஏறுவார். ஆவின் வண்டி எப்படியோ தெருமுனைக்கு வந்துவிடும். செவிலியர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து டியூட்டிக்குப் போவார்கள். ஊர் மொத்தமும் வீட்டுக்குள் இருக்க முடிவது இவர்கள் வெளியே இருப்பதால்.

பள்ளிக்கூடம் மூடியிருக்கிறதா?

மழை விடுமுறைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் பிள்ளைகளின் பாதுகாப்பு. அதற்குச் சமமான இன்னொரு காரணமும் உண்டு: கட்டடம் தேவைப்படுகிறது. தாழ்வான பகுதி மக்களைத் தங்கவைக்க ஒவ்வொரு வார்டிலும் கைக்கெட்டுகிற கெட்டியான கூரை மாநகராட்சிப் பள்ளிதான். பெஞ்சுகளை ஓரங்கட்டி, பாய் விரித்து, ஐந்தாம் ‘ஆ’ பிரிவில் ஒரு தெருவே குடியேறும். அங்கே படிக்கிற பிள்ளை விடுமுறை நாளில் தன் வகுப்பறையிலேயே குடும்பத்தோடு இரவு தூங்குகிறது.

2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் இது உச்சத்துக்குப் போனது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். சென்னை தன் பருவமழைக் காலம் முழுவதும் எதிர்பார்க்கும் அளவை ஒரு கடலோரச் சிறு நகரம் ஒரே நாளில் வாங்கிக்கொண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. ரயிலில் ஏறக்குறைய 800 பேர். அவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடம். அன்று தூத்துக்குடி, நெல்லை, தென்காசி, குமரி நான்கு மாவட்டங்களுக்கும் விடுமுறை.

2015 வெள்ளம் இதற்கு முன்னோடி. டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது; அடையாறு கரை தாண்டியது; விமான நிலைய ஓடுபாதை நீரில் கிடந்தது. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் வந்து சேர முடியாமல், 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கிலப் பத்திரிகை டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. அந்த மாதம் பள்ளி திறந்தபோது, லீவு போதும் என்று பிள்ளைகளே சொன்ன அதிசயமும் நடந்தது. அளவுக்கு மீறினால் விடுமுறையும் ஒரு நிவாரண முகாம்தான்.

மழையின் இந்தப் பரிசைப் பெரியவர்கள் இப்போது மெல்லப் பிடுங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு என்ற வித்தையைக் கற்றுக்கொண்ட சில தனியார் பள்ளிகள், விடுமுறை அறிவித்த அரை மணியில் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் அனுப்பிவிடுகின்றன. ஐ.டி. ஊழியரின் நிலைமை கேட்கவே வேண்டாம். வீட்டு வாசலில் தண்ணீர், மடியில் லேப்டாப், மீட்டிங்கில் ‘கேமரா ஆன் பண்ணுங்க’. தெருவே மூழ்கிய நாளில் அவர் வேலைக்கு வராததற்குச் சொல்லக்கூடிய ஒரே காரணம் நெட் இல்லை என்பதுதான். அதனால் பலரும் கரன்ட் கட்டை ரகசியமாக எதிர்பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். போலி அறிவிப்புகள் தனிக் கதை. போன வருஷச் சுற்றறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி, கோபுர முத்திரையோடு இரவு பதினோரு மணிக்குச் சுற்றுக்கு விடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க முதலில் எழுத்துப்பிழையைப் பாருங்கள் என்று யாராவது சொல்லித் தரலாம் என்றால், அசலிலும் சில சமயம் இருக்கிறது.

கடைசியில் இந்த விடுமுறைகளுக்கெல்லாம் கணக்குத் தீர்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் என்று எழுதி வைத்திருக்கிறது. மழை தின்ற நாட்களைச் சனிக்கிழமைகள் திருப்பித் தர வேண்டும். ‘சனிக்கிழமை பள்ளி செயல்படும், திங்கட்கிழமை பாடவேளை பின்பற்றப்படும்’ என்று அறிவிப்பு வரும். அன்றைக்கு வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். மிஸ்ஸும் புதுப் பாடம் எடுக்காமல் பழையதைத் திருப்பச் சொல்வார். கார்த்திகை மாதத்தில் வைக்கப்பட்ட ஈடுசெய் சனிக்கிழமை என்றால் அதற்கும் உத்தரவாதம் கிடையாது. வெள்ளி இரவு வங்கக் கடலில் மேகம் திரண்டு, விடியற்காலை ஆறரைக்கு மறுபடி எழுத்து ஓடும்: சனிக்கிழமை செயல்படுவதாக இருந்த பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. அதை ஈடுசெய்ய இன்னொரு சனிக்கிழமை பின்னர் அறிவிக்கப்படும்.